அத்தை சொல்லப்போகும் கதை

சுங்கை சிப்புட்,
20 செப்டம்பர் 2020.

அன்பு மிகுந்த என் கணவருக்கு,

தினேஸ்வரி எழுதுவது. பாப்பா நலம், கீழே இரண்டு பல் முளைத்துவிட்டது. உங்கள் அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் எந்த மூலையில் பேசினாலும் அத்தை காதில் விழும். நீங்கள் இருக்கும் சிங்கப்பூருக்குள் இப்போது சரக்கு லாரிகளைத்தானே விடுகிறார்கள், அதனால் லாரி ஓட்டும் யுகேந்திரன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ஏப்ரலில் ஈப்போ மருத்துவமனையில் அத்தைக்கு நடக்கவேண்டிய மார்புக் கட்டி ஆபரேஷனைக் கொரோனாவால் தள்ளிவைத்து, நாங்களே கூப்பிடுகிறோம் என்றார்கள் அல்லவா? கூப்பிடவே இல்லை என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார்கள்.

ஜூன் 11, வியாழக்கிழமை. பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத கைப்பேசி எண். மலாய்க்கார ஆண் குரல். மருத்துவமனை என்றார், அத்தையின் முழுப்பெயரையும் அடையாள அட்டையின் ஐசி எண்ணையும் கேட்டார். அதற்கு முந்தின வாரம்தான் இதே மாதிரி ஒரு குரலை நம்பிப் பக்கத்து வீட்டுக் கலாதேவி அக்கா சேமிப்பு முழுவதையும் பறிகொடுத்திருந்தார். யார் கேட்டாலும் ஐசி எண்ணைச் சொல்லாதே, திட்டி வை என்று நீங்களும் சொல்லியிருந்தீர்கள். ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இனி கூப்பிட்டால் போலீசுக்குப் போவேன் என்று கத்திவிட்டு, எண்ணையும் முடக்கினேன். அத்தை கைதட்டிச் சிரித்தார்.

ஆகஸ்ட் கடைசியில் அத்தைக்கு முதுகு வலி தாங்கவில்லை. ஈப்போவுக்கு நேராகவே அழைத்துப் போனேன், ஸ்கேன் எடுத்தார்கள். அறைக்குள் ஒருவர்தான் வரலாம் என்றதால், முடிவைக் கேட்க நான் மட்டும் போனேன். தாதி கோப்பைத் திருப்பிக் காட்டினாள். ஜூன் 11 என்று தேதி, நேரம், கீழே ஒரு வரி: “மகள் சிகிச்சையை மறுத்தார். மீண்டும் அழைக்க வேண்டாம் என்றார்.”

மருமகள் என்றுகூட இல்லை. மகள்.

அத்தைக்கு ஒதுக்கிய ஆபரேஷன் நாளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். கிளினிக் போன்கள் எல்லாம் கோவிட் வேலைக்குப் போனதால் ஊழியர்கள் சொந்தப் போனில் கூப்பிட்டார்களாம். தாதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கட்டி முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது, இனி ஆபரேஷனால் பயனில்லை, வலிக்கு மட்டும் மருந்து தருகிறோம் என்றார் டாக்டர்.

வெளியே சிவப்புப் பட்டை ஒட்டிய நாற்காலிக்குப் பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார்கள் என்றேன். “பொறுப்போம்லா, எனக்கு என்னா அவசரம்? மொத டாக்டர் புள்ளைங்க அந்தக் கொரோனாவப் பாத்து முடிக்கட்டும்” என்றார். சாரோங், ஃப்ளாஸ்க், துண்டு எல்லாம் ஏப்ரலில் அடுக்கிய பையில் அப்படியே இருக்கின்றன. நேற்றுகூட அதில் புது சோப்பு ஒன்று வைத்தார்.

மூன்று வாரமாக இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன். நீங்கள் என்னை என்ன சொன்னாலும் சரி. ஆனால் உடனே அனுமதி வாங்கிப் புறப்படுங்கள். வந்ததும் தனிமையில் இருக்கவேண்டிய நாள்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மகன் தீபாவளிக்கு வருவார், அதுவரை அத்தை இருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை அந்த போன் கதையைத்தான் சொல்கிறார். “எங்க வீட்டுப் பொண்ணு படிச்சதுலா! ஐசி கேட்டவன மலாய்லயே கிழிச்சிட்டா. கலாதேவி மாதிரி ஏமாறுவாளா?” என்று. மூச்சு வாங்கினாலும் நிறுத்தி நிறுத்தி முழுவதும் சொல்லி முடிக்கிறார். மகன் வரட்டும், அவனுக்கு நானே சொல்கிறேன் என்று வைத்திருக்கிறார்.

நீங்கள் வந்ததும் சொல்வார். அப்போது என் முகத்தைப் பார்க்காதீர்கள். அவருக்காக, தயவுசெய்து சிரியுங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்,
தினேஸ்வரி.