பேருக்குப் பின்னால் போட்ட பட்டம்

இன்று சாயங்காலம் குளிக்கத் தண்ணீர் மொண்டபோது அந்த வாடை மறுபடி வந்தது. துருப்பிடித்த ஆணியை வாயில் வைத்துக்கொண்டது போன்ற வாடை. காலையில் பிடித்த தண்ணீர், அதற்குள் பக்கெட்டின் அடியில் மஞ்சளாகப் படிந்திருந்தது. தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கத்திக்கொண்டே போனது: நாளை மே தினம், காலை பதினொரு மணிக்குக் கிராம சபை, அனைவரும் வருக. சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீ இருந்திருந்தால் இந்நேரம் வாசலுக்கு வந்து குத்திக்காட்டியிருப்பாய்: "இன்னா இன்ஜினியரு, நாளிக்கு வர்றியா? இல்ல, ஓட்டு போட்டதோட உன் வேல முடிஞ்சிச்சா?"

புதுவாயல் கூட்டு ரோட்டில் அந்த லாரி உன்னை அடித்துப்போட்டு ஏழு மாதம் ஆகிறது. அதைப் பற்றி என்னால் இன்னும் எழுத முடியவில்லை. வேறு ஒன்றை எழுதுகிறேன்.

நீ எட்டாவதோடு நின்றவன். உருக்காலையில் கிரேன் ஓட்டினாய். பொறியியல் முடித்த நான் அதே ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. உன் வண்டியில்தான் இருவரும் கும்மிடிப்பூண்டிக்குப் போவோம், வழி நெடுக வாக்குவாதம். ஊரே கூடி எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது, அதற்குத்தான் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம், அவன் கோப்பைப் படித்து முடிவெடுக்கட்டும் என்பேன். ஒருநாள் வாய் நீண்டு, படிக்காதவனுக்கு ஓட்டே எதற்கு என்று கேட்டுவிட்டேன். வண்டியை ஓரங்கட்டினாய்.

"எறங்கு. நடந்து வா. நடக்கறதுக்குப் படிப்பு தேவயில்ல."

இறங்கி நடந்தேன். அடுத்த டீக்கடையில் எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு வந்த கிராம சபைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். எனக்கு மதிய ஷிப்ட், அவசரம். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். முதலில் தீர்மான நோட்டு சுற்றி வரும். மேலே பாதிப் பக்கம் காலியாக இருக்கும், கீழே கையெழுத்து வாங்குவார்கள். தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். நான் வாங்கி முதல் ஆளாகப் போட்டேன். போட்டதோடு விடாமல், பேருக்குப் பின்னால் பி.இ. என்றும் எழுதினேன். நோட்டு உன்னிடம் வந்தது.

"மேல ஒண்ணுமே எழுதலியே சார். எதுக்குக் கையெழுத்து?"

"நீ வந்ததுக்குப்பா," என்றார் ஊராட்சிச் செயலர். "உன் ஃபிரண்டு படிச்சவரு. அவரே போட்டுட்டாரு பாரு."

"அவன் படிச்சவன், போட்டுட்டான். நான் படிக்காதவன். எழுதிப் படிச்சிக் காட்டு, போடறேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ போடவில்லை.

தெருக்குழாயில் வாடை வந்த பிறகுதான் அன்றைய தீர்மானத்தின் நகல் கேட்டு மனுக் கொடுத்தோம். மனுவை எழுதியது நான். வந்த காகிதத்தில், ஆலை இரண்டாவது ஆழ்துளைக் கிணறு போட ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று இருந்தது. அதன் கீழே முதல் பெயர் என்னுடையது. பி.இ. நீ வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "கையெழுத்து நல்லாத்தான்டா கீது."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அடுத்த சபையில் அந்த நகலை எடுத்துக்கொண்டு நீதான் எழுந்து கேட்டாய். நான் ஷிப்டில் இருந்தேன். அந்த வாரமே உன்னைக் கிரேனிலிருந்து இறக்கி, பழைய இரும்பு பிரிக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு சம்பளச் சீட்டில்கூட, காலி இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாய்.

ஆனால் ஊர் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீ நினைத்ததை நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. வாடகைக்கு இருக்கும் வட மாநிலத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் குழாய் கூடாது என்று ஒருமுறை சபையே கை தூக்கியதே, உன் கையும் சேர்த்து. இதுதான் உன் ஜனநாயகமா என்று கத்தினேன். மூன்றாம் நாள் வண்டியில் போகும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்:

"தப்புதான்டா. எல்லாரும் தூக்கனாங்க, நானும் தூக்கிட்டேன். எந்திரிச்சி வேணான்னு சொல்ல ஒருத்தன் இல்ல. நீ எங்க இருந்த?"

"ஷிப்ட்ல."

"அதான். பேசத் தெரிஞ்சவன்லாம் ஷிப்ட்ல."

இப்போது ஊருக்குத் தலைவரும் இல்லை. பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலரை வைத்து ஓட்டுகிறார்கள். எனக்காகப் படித்து முடிவெடுக்க ஆள் இருக்கிறான் என்று சொல்லக்கூட இனி வழியில்லை. மூன்றாவது கிணறு நாளை சபைக்கு வருகிறது என்று ஆலையிலேயே பேசிக்கொள்கிறார்கள். தொழிலாளர் தினத்தில் எங்களுக்கு ஷிப்ட் உண்டு. மதியம் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். காய்ச்சல் என்று பொய் சொல்லியிருக்கலாம். கிராம சபை என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கான்ட்ராக்ட் அடுத்த மாசத்தோட முடியுது. தெரியுமில்ல? உன் ஃபிரண்டு மாதிரி ஆரம்பிக்காத தம்பி."

பயமாக இருக்கிறது. அப்பா வேலையை விட்டாயிற்று, வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருவன்தான். கூட்டத்தில் எழுந்தால் குரல் உடையும். எல்லோரும் சிரிப்பார்கள், அன்றைக்கு நான் சிரித்தது போல. அந்த நகலை உன் வீட்டிலிருந்து வாங்கி வந்து பர்ஸில் வைத்திருக்கிறேன். மடித்த இடத்தில் கிழிந்துவிட்டது, என் கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

நாளை நோட்டு என் கைக்கு வரும்போது, எழுதிப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்பேன். மறுத்தால், காலி இடத்தில் குறுக்கே கோடு இழுத்துவிட்டு, அதன் கீழே என் பேரைப் போடுவேன். பேருக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.