எள்ளுவைக் கூப்பிடும் சொல்

மச்சாள்,

உன் பச்சை ஜாக்கெட் இன்னும் நாறுகிறது. இன்று காலை லண்டன் மிச்சம் ஜங்ஷனில் டிராம் ஏறி உட்கார்ந்து, குளிருக்குக் கையைப் பைக்குள் விட்டேன். நெத்தலிக் கருவாட்டுத் தூள். நகத்துக்குள் ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனாள். உன்னோடும் உன் நாயோடும் போகும்போதும் ஆட்கள் இப்படித்தான் எழும்பிப் போவார்கள். "நல்லது, எள்ளுவுக்கு சீட் கிடைச்சிட்டு" என்பாய். அதைக் கேட்கத் திரும்பினேன். நீ இல்லை. இது எத்தனையாவது தடவை என்று தெரியாது.

அந்தக் காலை நீ ஒரு காலில் சப்பாத்தோடு வாசலில் நின்று, "எள்ளுவுக்குச் சோறு வைக்காத, கொழுத்துப்போச்சு" என்று கத்திவிட்டு ஷிப்டுக்குப் போனாய். மத்தியானம் வேலையிடத்தில் விழுந்தாய். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்திருந்தது. தலையிடி என்றுகூட நீ சொன்னதில்லை. நாய் கொழுத்துப்போச்சு என்பதா ஒரு மனுஷியின் கடைசி வார்த்தை? எனக்கு இன்னும் ஏறவில்லை.

நான் யூனிப் படிப்பை விட்டுவிட்டு, மோர்டனில் அப்பாவின் கத்தலிலிருந்து தப்பி ஒரு பையோடு உங்கள் வீட்டுக்கு வந்தபோது எள்ளு குட்டி. வெள்ளை உடம்பெல்லாம் எள்ளு கொட்டினதுபோல மண்ணிறப் புள்ளி. பொயின்டர் இனம் என்றாய், பறவை இருக்கிற இடத்தை வேட்டைக்காரனுக்கு நின்று காட்டுமாம்.

"மிச்சத்தில என்னடி வேட்டை?"

"புறா இருக்கே. அதுக்குத் தொழில் இருக்கு. உனக்குத்தான் இல்லை."

பொதுவெளிப் புல்லில் நீ அதைப் பழக்கியதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விடும். நீளக் கயிறு. புறாவைக் கண்டதும் எள்ளு ஒரு முன்காலைத் தூக்கி, வாலை நீட்டி, மூச்சுக்கூட விடாமல் நிற்கும். "நில்" என்று ஒரே ஒரு தடவை சொல்வாய். கயிற்றைப் பிடித்தபடியே மெல்ல நடந்துபோய் அதன் விலாவைத் தடவுவாய். புறா எழும்பிப் பறக்கும். பின்னால் ஓடாமல் நின்றால் நெத்தலி. ஓடினால் பேச்சில்லை, ஏச்சில்லை, நாளைக்குக் கயிறு இன்னும் கட்டை. "பிழை விட்டா, நான் கயிறை வெள்ளனவே நீட்டிப்போட்டன் எண்டு அர்த்தம்" என்பாய். எனக்கு அது புதினமாக இருந்தது. எங்கள் வீடுகளில் பிழை விட்டவருக்குத்தானே அடி விழும்?

மாமா பொறுக்கவில்லை. ஒருநாள் கரண்ட் அடிக்கிற கழுத்துப் பட்டி ஒன்று வாங்கிவந்தார். கையில் ஒரு ரிமோட். அமத்தினால் நாய்க்கு அடிக்கும்.

"ஒரு கிழமையில பழகிடும் பிள்ளை. நீ ஏன் மழைக்குள்ள கிடந்து மாயிறாய்?"

நீ அதை உன் முழங்கையில் கட்டிக்கொண்டு, "அமத்துங்கோ அப்பா" என்றாய். மாமா மாட்டேன் என்றார். ரிமோட்டைப் பறித்து என்னிடம் தந்தாய். நான் யோசிக்காமல் அமத்தினேன். உன் கை துள்ளித் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டது. மாமி குசினியில் இருந்து ஓடிவந்தா.

"எனக்கு இது எங்கயிருந்து வந்தது எண்டு தெரியும்" என்றாய், கையைத் தேய்த்தபடி. "அதுக்குத் தெரியாது. புறாவைப் பாக்கேக்க அடிச்சா, புறாதான் கடிச்சது எண்டு நினைக்கும். பிறகு பறவையைக் கண்டாலே ஒளிக்கும்."

பட்டி மேசை லாச்சிக்குள் போனது.

கூப்பிடுவதற்கு நீ வைத்த சொல்தான் எனக்குச் சிரிப்பு. "இஞ்ச வா எண்டு கூப்பிடேலாது. எங்கட வீட்டில இஞ்ச வா எண்டா என்னடி? அடி விழப்போகுது. நானே ஓடிருவன்." அதனால் குந்தி இருந்து, இரண்டு கையையும் விரித்து, "ஆர் வாறது? ஆர் வாறது?" என்பாய். நடை பழகுகிற குழந்தையைக் கூப்பிடுவதுபோல. எள்ளு காதுகள் பறக்க வந்து உன்னைத் தள்ளி விழுத்தும். அந்தச் சொல்லை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். "அப்பா என்னை நடக்கப் பழக்கேக்க சொல்லுறவராம். அம்மா சொன்னவ. அவருக்கு ஞாபகமே இல்லை."

நீ போனபின் அந்தச் சொல்லை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்று நீ சொல்கிற சொல் அது. எனக்கு வாய் வரவில்லை. நான் "இஞ்ச வா!" என்று கத்தினேன். சுத்தமாக என் அப்பாவின் குரல். எள்ளு தூரத்தில் நின்று என்னைப் பார்க்கும், பிறகு மற்றப் பக்கம் போய்விடும். இரண்டு முறை காணாமல் போய், தெரியாத ஆட்கள் கொண்டுவந்து விட்டார்கள்.

மாமா லாச்சியைத் திறந்தார்.

"அவ வேண்டாம் எண்டவ, மாமா."

"தெரியும். ஆனா இதையும் இழக்க என்னால ஏலாது, பிள்ளை. பக்கத்திலயே டிராம் ஓடுது."

போன ஞாயிறு நானும் மாமாவும் எள்ளுவுமாகப் பொதுவெளிக்குப் போனோம். எள்ளுவின் கழுத்தில் பட்டி, மாமாவின் கையில் ரிமோட். நான் உன் ஜாக்கெட்டில். கயிற்றை அவிழ்த்தோம். கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்தது. தண்டவாளப் பக்கப் பற்றைக்கு முன்னால் எள்ளு காலைத் தூக்கி நின்றது. நான் "நில்" என்றேன். புறா எழும்பியது. எள்ளு நிற்கவில்லை. வேலி பிய்ந்த இடத்தை நோக்கிப் பறந்தது. டிராம் வருகிற இரைச்சல் கேட்டது.

"இஞ்ச வா!" என்றேன். இன்னும் வேகமாக ஓடியது.

மாமாவின் விரல் பொத்தானில். இப்போது அடித்தால் வெருண்டு நேரே தண்டவாளத்துக்குள் போகும் என்று எனக்குத் தெரிந்தது. "அமத்தாதையுங்கோ மாமா!" என்று கத்தினேன். உன் சொல்லால் கூப்பிடப் பார்த்தேன். சத்தியமாக வரவில்லை, மச்சாள்.

மாமா சேற்றில் குந்தினார். ரிமோட் புல்லுக்குள் விழுந்தது. இரண்டு கையையும் விரித்தார்.

"ஆர் வாறது? என்ர பிள்ளை ஆர் வாறது?"

அவருக்கு ஞாபகம் இல்லை என்றாயே!

எள்ளு வேலியடியில் சறுக்கித் திரும்பியது. பின்னால் டிராம் போனது. அது காதுகள் பறக்க ஓடிவந்து மாமாவைச் சேற்றில் விழுத்தியது. மாமா எழும்பவில்லை. பட்டியை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அவிழ்த்தேன். நெத்தலி கொடுத்தேன். மாமா அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உன் பெயரைச் சொன்னார்.

இப்போது மறுபடி நீளக் கயிறு. உன் ஜாக்கெட்டை மாமி தோய்க்கக் கேட்டா, கொடுக்கவில்லை. அந்தச் சொல்லும் எனக்கு வந்துவிட்டது. குந்தி இருந்து, கையை விரித்து, "ஆர் வாறது?" என்கிறேன். எள்ளு வருகிறது, ஒவ்வொரு முறையும் வருகிறது. நானும் மாமாவும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால், வெறும் புல்லை, ஒரு கணம் பார்க்கிறோம்.