அவளே அழித்த பொட்டு

மகளுக்கு அம்மா எழுதுவது,

அப்பாவின் சாவுக்கு வந்தபோது, நீ பண்டாரவளையில் படிப்பிக்கும் வெள்ளைக்காரக் கதையைச் சொன்னாய். கள்ளப் பிள்ளை பெற்றவளின் சட்டையில் ஊரார் சிவப்பெழுத்துத் தைக்க வைத்தார்களாம். அவளைக் கெடுத்த சாமியாரையோ ஊரே கும்பிட்டதாம். சொல்லிவிட்டு, அப்பாவுக்குப் பிள்ளை பெற்ற கீழ் லயத்து வரிசை வீட்டுப் புஸ்பராணிக்காகக் கண் கலங்கினாய். "போய்ப் பாக்கட்டுமாம்மா?" என்றும் கேட்டாய்.

கருமாதியன்று என் நெற்றிப் பொட்டை ஊர்ப் பெண்கள்தான் அழித்தார்கள். நான் முகத்தைத் திருப்பித் திருப்பி அழுதேன்.

மறுநாள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் புஸ்பராணி வெறும் நெற்றியோடு நின்றாள். அவளே அழித்திருக்கிறாள். எல்லாப் பெண்களும் அவளைத்தான் பார்த்தார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை.

"பொட்ட வச்சுக்கடி. அவருக்குத் தாலி அறுத்தவ நான் ஒருத்திதான்."

"தாலி ஒங்களுக்குத்தான்க்கா கட்டுனாரு. எனக்கு இந்த வெறும் நெத்திதான் இருக்கு. இதையுமா கேக்குறீங்க?"



இருந்தபோது அவரைப் பங்கு போட்டேன். செத்தபிறகாவது முழுசாக எனக்கென்று நினைத்தேன், அதுவும் இல்லை. நீ வரும்போது மேல் ரோட்டிலேயே இறங்கு. கீழ் லயத்துப் பக்கம் போகாதே. நீயாவது எனக்கு முழுசாக வேண்டும்.

உன்னைப் பெற்றவள்