உண்ணி மருந்துப் போத்தல்

1993 நவம்பர், செவ்வாய் இரவு. கிங்ஸ்பரி.

அண்ணையைப் பற்றி இப்படி எழுதுவது பிழைதான், மன்னிக்க வேண்டும். கன்னம் எரிகிறது, படுக்க முடியவில்லை.

வவுனியாவிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் பேசினார். மாட்டு உண்ணிக்கென்று அண்ணை இந்த வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்ட மருந்துப் போத்தலை, அப்பா வவுனியாவில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். வழியில் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் பிடித்துவிட்டார்களாம். இயக்கத்தின் கட்டுப்பாட்டிலுள்ள எங்கள் ஊர்ப் பக்கம் இரசாயனம் எதுவும் போகக்கூடாதென்பது அவர்களின் தடை. துவக்குப் பிடியால் அடித்ததில் அப்பாவின் வலது கை முறிந்துவிட்டது. இரத்தம் வழிய வழிய வெயிலில் முழங்காலில் நிற்க வைத்தார்களாம்.

வேப்பெண்ணெயும் புகையிலை ஊறவைத்த தண்ணீரும் பூசிப் பார்க்கலாம் என்று நான் அப்போதே சொன்னேன். இரண்டும் ஊரில் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

"வேப்பெண்ணெய் பூசு எண்டு சொல்லவோ உன்னைக் கம்பஸுக்கு அனுப்பினது?" என்று, பல்கலைக்கழகம் போன என்னைப் பார்த்து அண்ணை சிரித்தார்.

இன்று அதை நினைவுபடுத்தினேன். அறைந்தார். பிறகு தோல் கிழியும்வரை சுவரில் குத்தினார்.

"ஒண்டைத்தானே பறிச்சவங்கள்? இனி ரெண்டு அனுப்புறன், பாப்பம்."

அதையும் சாவடி வழியே எடுத்துப் போகப்போகிறவர் அப்பாதான். துவாயை நனைத்து அண்ணையின் கையில் சுற்றிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அண்ணை, மாடு செத்தாலும் பரவாயில்லை, அனுப்பாதேங்கோ.