இரண்டு துண்டாய் ஒரு வால்நட்சத்திரம்

அம்மணி,

உன் திதிக்குப் படம் பெரிதாக்க வேண்டும் என்று மகள் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள். கல்யாணப் படத்தில் நீ குனிந்திருப்பதால் முகம் தெரியாது. "அம்மா தனியா இருக்கற போட்டோ ஒண்ணாச்சும் இருக்குதுங்களாப்பா?" என்றாள். உன் பழைய சேலைகளுக்கு அடியில் ஒரு ஸ்டுடியோ உறை கிடைத்தது. உள்ளே நெகட்டிவ். அவள் அதை ஆசையாக டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தொண்ணூற்றேழு, கோடை தொடங்கும் நேரம். பொழுது இறங்கியதும் அன்னூர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், காரமடைப் பக்கத்து மலைக்கு மேலே வால்நட்சத்திரம் நிற்கும். வானம் நகர்வதற்கு ஈடாகக் கேமராவும் நகர வேண்டுமே என்று, இரண்டு பலகையைக் கீல் போட்டு இணைத்து, மேல் பலகையில் கேமராவும் அதை மெல்லத் தூக்கிவிட ஒரு போல்ட்டும் வைத்திருந்தேன். கடிகாரம் பார்த்து அந்தப் போல்ட்டைத் திருகுவது உன் வேலை. கை கொஞ்சம் ஆடினாலும் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுத்துவிடும். மாவாட்டிவிட்டு வந்த கையோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகுவாய். வால் இரண்டு என்று முதலில் கண்டதும் நீதான். "ஏனுங்க, நீலமா ஒண்ணு நேரா நிக்குது, வெள்ளையா ஒண்ணு வளைஞ்சு போகுது பாருங்க." நாளாக நாளாக வெள்ளை வால் அகன்றது. தலைக்குக் குளித்து உலர்த்திய முடி மாதிரி இருக்கிறது என்றாய்.

முதல் படத்தைப் பகலில் எடுங்கள், இல்லையென்றால் படம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் பிலிமைக் கண்டபடி வெட்டிவிடுவோம் என்று கோயமுத்தூர் ஸ்டுடியோக்காரர் சொல்லியிருந்தார். உன்னிடம் அதைச் சொன்னேன். நீ முகம் கழுவி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, "அந்த ஒண்ணுல என்னைய எடுங்க" என்று வந்து நின்றாய்.

"உன்னைய எப்ப வேணாலும் எடுத்துக்கலாம் அம்மணி. வால்நட்சத்திரம் நிக்குமா?" என்றேன்.

பகலில் ஒன்றுகூட எடுக்காததால் ஸ்டுடியோக்காரர் சொன்னபடியே ஆனது. இருட்டில் எல்லை தெரியாமல், தலை ஒரு துண்டிலும் வால்கள் இன்னொரு துண்டிலுமாக வெட்டிக் கொடுத்தார்கள். பங்காளிகள் படம் பார்க்க வந்தபோது என் பிடிவாதத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இவ கை ஆடிப்போச்சுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாய். அவர்கள் கிளம்பியபின், "என்ற கை ஆடலீங்க" என்றாய். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். அதன்பின் படம் எடுக்கச் சொல்லி நீ கேட்கவே இல்லை.

நேற்றுதான் அந்த நெகட்டிவ் துண்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்தத் தைரியம் வரவில்லை. ஒரு நட்சத்திரம்கூட இழுக்கவில்லை அம்மணி, எல்லாம் புள்ளி புள்ளியாக நிற்கின்றன. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் லென்ஸை வாங்கித் தானும் பார்த்தாள். பிறகு, "இத அம்மாகிட்டச் சொன்னீங்களாப்பா?" என்று கேட்டாள்.

திதிக்குப் பங்காளிகள் வருவார்கள். உன் கை ஆடவில்லை என்று அவர்களிடமும் சொல்லப்போகிறேன். மாலை போடுவதற்கு, வாக்காளர் அட்டையில் இருந்த உன் முகத்தைத்தான் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறோம்.