பச்சை நூல் பொட்டலம்

மார்ச் 4
எழுதப் படிக்கத் தெரியாத தையல்காரனுக்கு நாட்குறிப்பு எதற்கு என்கிறாள் மனைவி. நான் பேசினால் போன் எழுதிக்கொள்கிறது, கேட்டால் வாசித்தும் காட்டுகிறது. அவளைப்போல் குறுக்கே பேசுவதில்லை.

காரணம் இருக்கிறது. தைத்த துணியைக் காகிதத்தில் சுற்றி, ஆளுக்கொரு நிற நூலால் கட்டுவேன். நான் பெயர் எழுதுவது அப்படித்தான். ஐம்பது வருடமாகப் பொட்டலம் மாறியதில்லை. இப்போது ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை! பேக்கரிக்காரருக்குப் பச்சை நூல். பச்சையைத்தான் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே இருந்தது ஒல்லி வாத்தியாரின் பேண்ட். "முழங்காலோட நின்னுடுச்சு, ஐயா. மேலயும் வரல, கீழயும் வரல" என்கிறார்.

மகன் கடைச் சாவியை வாங்கிக்கொண்டான். "உங்களுக்கு மறதி வந்துடுச்சுப்பா. போதும், வீட்ல இருங்க."

மறதியா? எனக்கா? இவன் கல்யாணக் கோட்டுக்குத் தோள் பதினேழரை.

மார்ச் 5
மீசைக்குச் சாயம் போட்டேன். கரிக்கறுப்பு. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

மார்ச் 9
வாத்தியார் நீலம். பேக்கரி பச்சை. எல்லாம் நினைவிருக்கிறதே — அப்புறம் எப்படி மாறியது? நெசமாவே புத்தி கழண்டுடுச்சா?

மார்ச் 12
சமாதானமாகப் போகலாம் என்று மனைவியிடம், "இந்தப் பச்சைப் புடவை உனக்கு எடுப்பா இருக்கு" என்றேன்.

"இது நீலம். வாங்கிக் குடுத்ததே நீங்கதான்."

சண்டை. நடுவில் சட்டென்று நிறுத்தி, இரண்டு நூல்கண்டுகளைக் கொண்டுவந்தாள்.

"இது என்ன நிறம்?"

"பச்சை."

"இது?"

"அதுவும் பச்சைதான். ஏன் ஒரே நிறத்துல ரெண்டு வாங்கின?"

தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க புத்திக்கு ஒண்ணுமில்ல. கண்ணாஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

மார்ச் 14
டாக்டர் சொன்னார்: "புரை முத்திப் பழுப்பேறிடுச்சு, பெரியவரே. அது வழியாப் பாத்தா நீலமும் பச்சையாத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமா ஏறினதால உங்களுக்கே தெரியல."

மறதி இல்லை! மகனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இதோட நாலு தடவ சொல்லிட்டீங்கப்பா" என்றான்.

மார்ச் 22
வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. ஒரே துண்டு வலது கண்ணுக்கு நீலம், இடது கண்ணுக்குப் பச்சை. வாசலில் நின்று, போகிற வருகிற எல்லாவற்றையும் ஒரு கண் மாற்றி ஒரு கண் மூடிப் பார்த்தேன்.

"உள்ள வாங்க மொதல்ல" என்றாள் மனைவி. "நீங்க கண்ணடிக்கறீங்கன்னு எதிர்வீட்டம்மா கதவச் சாத்திட்டாங்க."

மார்ச் 23
கண்ணாடி பார்த்தேன். வலது கண்ணை மூடினால் மீசை கறுப்பு. இடது கண்ணை மூடினால் கத்திரிக்காய்.

"எத்தன நாளா இப்படி?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மூணு வருஷமா. ஆசையாப் பூசிக்கிட்டிருந்தீங்க. சொல்ல மனசு வரல."

ஏப்ரல் 20
இடது கண்ணும் ஆயிற்று. நீலத்தில் இத்தனை நீலமா!

ஏப்ரல் 28
மகன் கடைச் சாவியை என் கையில் வைத்தான். மீசையை வழித்துவிட்டுக் கடையைத் திறந்தேன்.

முதலில் வந்தவர் ஒல்லி வாத்தியார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்க ஊதா மீசையோட ஒரு பெரியவர் இருப்பாரே, இல்லையா?"

"இடுப்பு இருபத்தெட்டு. இடது கால் அரை அங்குலம் நீளம்" என்றேன்.

"அடடே, நீங்கதானா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அலமாரியில் நீல நூல் கட்டிய பொட்டலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.