கறையான் அரிக்காத புத்தகங்கள்

மச்சாள்,

இன்று காலை பக்கத்துக் காணியில் பழைய கொப்பிகளைக் குவித்து எரித்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதாம். கடதாசி எரியும் வாசம் வேலியைத் தாண்டி வந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெசினில் அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய் யன்னலைச் சாத்தினேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. என் கோபம் ஒரு துளியும் ஆறவில்லை. அதை உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சின்னண்ணா உன்னைக் கட்டாரில் கண்டு, அங்கேயே பதிவுத் திருமணம் செய்து, கண்டாவளைக்குக் கூட்டிவந்த நாளில் ஊரே எங்கள் வேலிப் படலையில் நின்றது. பிலிப்பைன்ஸ்காரி எப்படி இருப்பாள் என்று பார்க்க வந்தவர்கள். உன்னிடம் இரண்டு பெரிய பைகள் இருந்தன. ஒன்றைத் தூக்கிய பெரியண்ணா பாதி வழியில் கீழே வைத்தார்.

“என்ன பிள்ளை, கல்லோ கொண்டு வந்தனீ?”

உனக்கு அப்போது தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சிரித்துக்கொண்டே பையைத் திறந்து காட்டினாய். அத்தனையும் புத்தகம். பெரியண்ணாவின் முகம் ஏமாந்துபோனதை நான் பார்த்தேன். கட்டாரிலிருந்து வரும் பையில் அவர் வேறு எதையோ எதிர்பார்த்திருந்தார்.

அப்பா இல்லாத எங்கள் வீட்டில் பெரியண்ணாவின் சொல்தான் சட்டம். ஊரிலும் அப்படித்தான். உழவு இயந்திரம் அவருடையது, வாசிகசாலையின் தலைவரும் அவர். தன் வயல் நேரத்துக்கு உழப்பட வேண்டும் என்று நினைக்கிற எவனும் அவரை எதிர்த்துக் கதைக்க மாட்டான். சின்னண்ணா அவருக்கு முன்னால் கதிரையில்கூட இருந்ததில்லை.

எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அதே காணியின் மறுகரையில், சின்ன வீட்டில், தையல் மெசினோடு இருந்தேன். எனக்கும் உனக்கும் ஒரே வயது. சின்னண்ணா வயலுக்குப் போனதும் நீ ஒரு புத்தகத்தோடு என்னிடம் வந்துவிடுவாய். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் தமிழ்ப் புத்தகத்தில் தொடங்கினாய். வாழைப்பழம் உனக்கு ‘வாலைப்பலம்’. நான் சிரித்தால் கோபிக்க மாட்டாய். அதே சொல்லை இருபது தரம் சொல்லிப் பார்ப்பாய். இரண்டு வருடத்தில் கதைப் புத்தகங்களுக்கு வந்துவிட்டாய். நான் தைப்பேன், நீ எழுத்துக் கூட்டி உரக்க வாசிப்பாய். விளங்காத சொல்லுக்கு நான் பொருள் சொல்வேன். திடீரென்று கையைத் தூக்குவாய்.

“மச்சாள், மெசினை நிப்பாட்டு. இப்ப அவன் பொய் சொல்லப் போறான்.”

பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தவிர எதையும் தொடாதவள் நான். அடுத்தது என்ன நடந்தது என்று தெரியாமல் தவிக்கவைத்தவள் நீ. தைத்துக் கொடுக்க வேண்டிய பாவாடைகள் கிடந்து காய, நாங்கள் இருவரும் யாரோ ஒருத்தியின் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்த பகல்கள் எத்தனை!

உன் தகப்பன் கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர் என்று சொல்லியிருக்கிறாய். உன் தீவில் அடித்த ஒரு புயலில் பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள் எல்லாம் வெள்ளத்தில் ஊறிப்போக, நீயும் தங்கையும் தாள் தாளாகப் பிரித்து உடுப்புக் காயப்போடும் கொடியில் தொங்கவிட்டீர்களாம். அன்று தொடங்கிய பைத்தியம் என்பாய். ஒவ்வொரு தை மாதமும் நீலக் கொப்பியில் அந்த வருடத்துக்கான எண்ணிக்கையை எழுதுவாய். நாற்பது, நாற்பத்தைந்து. வாசித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் பெயர், முடித்த நாள், ஒரு வரிக் கருத்து. முதலில் ஆங்கிலத்திலும் உன் தாய்மொழியிலும் எழுதினாய். பிறகு தமிழில். எண்ணிக்கைக்கு மேலே ஒரே ஒரு இலக்கு மட்டும் வருடா வருடம் மாறாமல் இருந்தது: ஒரு பெரிய தமிழ் நாவலை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, யாரிடமும் பொருள் கேட்காமல் வாசிப்பது.

தமிழ்ப் புத்தகங்களை உனக்குக் கொண்டுவந்து தந்தவர் முல்லைத்தீவு நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி. பழைய இரும்பும் பேப்பரும் வாங்க லான்ட்மாஸ்டர் வண்டியில் வருகிறவர். பேப்பர்க் கட்டுகளுக்குள் புத்தகம் அகப்பட்டால் உனக்கென்று எடுத்து வைப்பார். “இந்தப் பிள்ளை ஒருத்திதான் இந்த றோட்டில நிறுக்காமல் வாங்கிறது” என்று சொல்லிச் சிரிப்பார். நீ எல்லாவற்றையும் இரண்டு தகரப்பெட்டிகளில் அடுக்கி, கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாய்.

எல்லாம் கெட்டது அந்த வாசிகசாலையால்தான். அதன் கதவு பூட்டியே கிடப்பதைப் பார்த்து, திறப்பை உன்னிடம் தந்தால் பின்னேரங்களில் திறந்து வைப்பதாகப் பெரியண்ணாவிடம் கேட்டாய். உன் பெட்டிகளில் இருப்பதையும் அங்கேயே வைக்கலாம் என்றாய்.

“அதுக்குள்ள பாம்பு இருக்குப் பிள்ளை” என்றார்.

பாம்பு இல்லை. யன்னல் ஓட்டையால் நாங்கள் இருவரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே அவருடைய உரப்பைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நீ வீட்டுக்கு வந்து பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதினாய். உன் வாழ்க்கையில் நீ எழுதிய முதல் தமிழ்க் கடிதம். நான் திருத்தித் தருகிறேன் என்றதற்கு விடவில்லை. அதிகாரிகள் வந்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டு நிற்க, பெரியண்ணா தன் மூட்டைகளைத் தானே சுமந்து வெளியே எடுத்தார். அன்றைக்கு அவர் உன்னைப் பார்த்த பார்வையை நான் உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த மாதமே உனக்குக் கடும் வருத்தம் வந்தது. சிறுநீரகம் என்றார்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் உன்னை வாட்டில் மறித்து வைத்தார்கள். நாலாம் நாள், உனக்கு மாற்றுடுப்பு எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பின் வளவில் புகை. பெரியண்ணா தடியோடு நின்று நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு தகரப்பெட்டிகளும் வாயைத் திறந்தபடி கிடந்தன.

“கறையான் பிடிச்சிட்டுது. விட்டால் வீட்டுக்கும் ஏறும்” என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

நான் கையால் நெருப்பை விலக்கினேன். பாதி எரிந்த ஒரு புத்தகம் அகப்பட்டது. எரியாத பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓர் அரிப்பு இல்லை, ஒரு மண் துகள் இல்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் பார்த்ததை அவர் கண்டுகொண்டார். எனக்கு அப்போது வாய் வரவில்லை. சின்னண்ணாவும் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உனக்கு நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பினாய். பிறகு சொன்னாய்: “புயல் எடுத்தால் கோபிக்க ஆள் இல்லை, மச்சாள். இங்க ஆள் இருக்கு.”

ஆஸ்பத்திரித் தலையணைக்குக் கீழே இருந்ததால் நீலக் கொப்பி தப்பியிருந்தது. அதில் எரிந்த புத்தகங்களை ஒவ்வொரு பெயராக நினைவுபடுத்தி எழுதத் தொடங்கினாய். வீடு வந்த பிறகும் எழுதினாய். உன் தங்கை ஒரு பார்சல் அனுப்பினாள், நானா நாலு புத்தகம் கொண்டுவந்தார், அவற்றையும் வாசித்தாய். பெரியண்ணாவை மன்னித்துவிட்டாயா என்று ஒருநாள் கேட்டேன்.

“மன்னிக்கேல்ல. ஆனா எனக்கு நேரம் இல்லை. வாசிக்க வேணும்.”

ஆறு மாதத்தில் போய்விட்டாய். உனக்கு நேரம் இல்லை. எனக்கு இருந்தது.

உன் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நினைவு மலர் அடிப்பதென்று முடிவானது. பெரியண்ணா நாலு பக்கம் எழுதி, உன் படத்தோடு என்னிடம் தந்தார். “நீதானே நூல் வாங்கக் கிளிநொச்சிக்குப் போறனீ, அச்சகத்தில குடுத்திட்டு வா” என்றார். பஸ்ஸில் வாசித்துப் பார்த்தேன். ‘புகுந்த வீட்டாரின் அரவணைப்பில் குறைவின்றி வாழ்ந்தவர்’ என்று இருந்தது. ‘அன்னாரின் வாசிப்பு ஆர்வத்துக்கு மூத்த மைத்துனர் என்றும் துணை நின்றார்’ என்றும் இருந்தது. பரந்தன் தாண்டும்போது எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இறங்கி வீட்டுக்குத் திரும்பி வந்து, உன் கொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனேன்.

அவர் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் நீக்கவில்லை. நாலு பக்கமும் முன்னால் அப்படியே போனது. அதற்குப் பின்னால் உன் கொப்பியில் எரிந்தவற்றை எழுதிய ஆறு பக்கங்களைப் படமாகப் போடச் சொன்னேன். உன் கையெழுத்திலேயே. அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“பிள்ளை, எழுத்துப் பிழை நிறையக் கிடக்கு. திருத்தி அடிக்கட்டோ?”

“ஒரு எழுத்தையும் தொடாதேங்கோ.”

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து, பந்தலுக்குக் கீழே எல்லோரும் மலரை மடியில் வைத்துப் புரட்டினார்கள். பெரியண்ணா முன்வரிசையில் இருந்தார். தன் நாலு பக்கத்தை வாசித்து முடித்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நானா பின்வரிசையிலிருந்து எழும்பி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, உரக்கவே வாசித்தார். உன் பிழைகளோடு, ஒன்றும் விடாமல். புத்தகத்தின் பெயர், எரிந்தது. புத்தகத்தின் பெயர், எரிந்தது. கடைசியில் நீ தொடங்கியிருந்த அந்தப் பெரிய தமிழ் நாவலின் பெயர், அதன் கீழே: ‘யாரிடமும் கேக்காமல் 143 பக்கம் வாசிச்சன். மிச்சம் பெறியன்னா எரிச்சார்.’

பந்தலில் தலைகள் எல்லாம் பெரியண்ணா பக்கம் திரும்பின.

“அது கறையான் பிடிச்சது” என்றார் பெரியண்ணா. குரல் உடைந்திருந்தது.

நானா மலரை மூடினார். “நான் குடுத்ததெல்லாம் மூண்டு நாள் வெயிலில காயவைச்சுக் குடுத்தது, ஐயா. பிள்ளை அதைத் தகரப்பெட்டியிலதான் வைச்சிருந்தது. தகரத்தை எந்தக் கறையான் அரிச்சது?”

யாரோ ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் அவரை வெட்டியது. எழும்பினார். கையில் இருந்த மலரை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார், பிறகு அதைக் கையில் பிடித்தபடியே படலையைத் தாண்டிப் போனார். என் அண்ணன் அப்படிக் குனிந்து நடப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மச்சாள், எனக்கு இனித்தது. உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? நெஞ்சு நிறைய இனித்தது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அவரைத் தலைவராக யாரும் முன்மொழியவில்லை. சின்னண்ணா இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. “குடும்பத்தைச் சந்திக்கு இழுத்தனீ” என்று ஒரே ஒருமுறை சொன்னார். ஓம், இழுத்தேன். உன் பெட்டிகள் எரிந்தபோது அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு அந்த வேலை மிஞ்சியிருக்காது.

போன மாதம் பெரியண்ணா என் வீட்டு வாசலுக்கு வந்தார். மகளுக்குக் கலியாணம். தகப்பனின் ஒரே தங்கை மேடையில் நிற்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் கேள்வி கேட்பார்கள். மெலிந்திருந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“நடந்ததை மறந்திட்டு வா தங்கச்சி.”

“மறக்கேலாது அண்ணா. அச்சில இருக்கு.”

“நான் பிழைதான் விட்டனான். அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?”

“அவாவிட்டப் போய்க் கேளுங்கோ.”

அவர் திரும்பிப் போனார். அவருடைய முதுகைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ அசைந்தது உண்மை. அதை நான் வளர விடவில்லை.

மகள் ஒரு பாவமும் அறியாதவள். அவளுடைய கூறைச் சேலைக்குச் சட்டை நான்தான் தைத்தேன், என்னால் முடிந்த அளவு வடிவாக. முகூர்த்தத்துக்குப் போகவில்லை. எல்லோரும் மண்டபத்துக்குப் போய் எங்கள் ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. நான் மெசினைத் துணியால் மூடிவிட்டு, நானா கொண்டுவந்து தந்த ஒரு தடித்த புத்தகத்தோடு வாசலில் இருந்தேன். இந்த வருடத்தில் எனக்கு அது பத்தொன்பதாவது. கெட்டிமேளம் வயல் வெளியைத் தாண்டி வந்து, கூடி, பிறகு அடங்கியது. தாலி ஏறிவிட்டது என்று தெரிந்தது.

நான் பக்கத்தைத் திருப்பினேன்.